ஊட்டற்குழாயை அகற்றுதல் – ஓர் அறவியல் நோக்கு

மூக்கின் வழியாக இரைப்பைவரை செலுத்தப்பட்ட ஊட்டற்குழாயை வெளியே எடுப்பதற்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படுவதில்லை. குழாயினுள் எஞ்சியிருப்பதைச் சிறிதளவு நீரோ காற்றோ செலுத்தி அகற்றிவிட்டு, மூக்கில் ஒட்டிய பிளாஸ்டரை மெல்ல நீக்கி, குழாயை மடித்து இறுகப் பிடித்துக்கொண்டு, நோயாளியை மூச்சை அடக்கச் சொல்லி, இடையில் நிறுத்தாது ஒரே சீராக இழுத்துவிட வேண்டும். மடித்துப் பிடிப்பது, குழாயின் முனை தொண்டையைக் கடக்கும்போது அதிலுள்ள துளிகள் சுவாசக் குழாயினுள் சிந்தாதிருக்கும் பொருட்டாகும். பயிற்சி பெற்ற தாதி ஒருவர் நோயாளியோடு பேசிக்கொண்டே இதனைச் செய்து முடித்துவிடுவார். இத்துணை எளிய செயலைப் பற்றியே உலகின் உச்ச நீதிமன்றங்கள் வாதங் கேட்டுள்ளன; பாப்பரசர் கருத்துரைத்துள்ளார்; மெய்யியலாளர் நூல்கள் எழுதியுள்ளனர். செயல் எளியதாயிருக்க, அதன் மீது சுமத்தப்படும் பொருள் இத்துணைப் பாரமாயிருப்பது ஏன் என்ற வினா எழுகின்றது.

'பாதுகாப்பாக அகற்றுதல்' என்று மருத்துவ நூல்கள் கூறும்போது அவை உடலின் பாதுகாப்பையே கருதுகின்றன. குருதி பெருகாதிருத்தல், புண் சீழ்ப்பிடியாதிருத்தல், மூச்சுத் திணறாதிருத்தல் என்பன அவற்றின் அளவுகோல்கள். ஆனால் குழாயை நீக்குவதால் உணவு நின்று, அதனால் உயிரும் நின்றுவிடும் என்று அறிந்திருக்கும் நிலையில் 'பாதுகாப்பாக' என்ற சொல்லுக்குப் பொருள் யாது? யாருடைய பாதுகாப்பு அங்கே கருதப்படுகின்றது? நோயாளியினதா, அன்றி அகற்றுபவரின் மனச்சாட்சியினதா? நான் மருத்துவ மாணவனல்லன், கலைப்பீடத்து மாணவன். இவ்வினா எனக்கு நூலகத்தில் எழவில்லை. ஹாலிஎலையில், எங்கள் லயத்து வாசலில் என்னிடம் கேட்கப்பட்டதனாலேயே இதனை எழுதத் துணிந்தேன்.

விடுமுறைக்கு ஊர் சென்றிருந்த காலம். எங்கள் லயத்தில் மூன்றாவது காம்பராவில் இருந்த பெரியவர் தேயிலைத் தொழிற்சாலையில் நெடுங்காலம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். பாரிசவாதத்தால் வலப்பக்கம் செயலிழந்து, பேச்சும் போய், விழுங்கவும் இயலாது, வைத்தியசாலையிலிருந்து மூக்கில் குழாயுடன் வீட்டுக்கு அனுப்பப்பட்டிருந்தார். மகள் கொழுந்து பறிப்பவர். விடியற்காலை பெரட்டுக்குப் போகுமுன் வடித்த கஞ்சியையும் பருப்புத் தண்ணீரையும் துணியில் வடிகட்டிப் பெரிய சிரிஞ்சில் எடுத்துக் குழாய்வழி ஊட்டுவார். மதியம் மலையிலிருந்து ஓடிவந்து மறுபடியும் ஊட்டுவார். பெரியவரின் இடக்கை மட்டும் நல்ல பலத்துடன் இருந்தது. அந்தக் கை ஓயாது குழாயை நோக்கிச் சென்றது. எனவே மகள் வேலைக்குப் போகும்போதெல்லாம் பழைய சேலைக் கிழிசலால் அக்கையைக் கட்டிலின் சட்டத்தோடு கட்டிவிட்டுப் போவது வழக்கமாயிற்று. மூன்றாம் மாதத்தில் ஒருநாள் இரவு கட்டு தளர்ந்திருந்தது. காலையில் பார்த்தபோது குழாய் தரையிற் கிடந்தது.

அன்று காலையில்தான் அந்த அக்கா கேட்டார்: "தம்பி, நீங்க கெம்பஸ்ல படிக்கிறீங்கதானே. இத மறுபடி போடாம விட்டா பாவமா?"

நான் உடனே விடை கூறவில்லை. கூறத் தெரியவில்லை என்பதே உண்மை. திரும்பப் போடுவதாயின் முச்சக்கர வண்டி பிடித்து வைத்தியசாலைக்குக் கொண்டு போகவேண்டும். அன்றைய பேர் விழாது. வண்டிக் கூலி வேறு. பதுளை நகரம் ஹாலிஎலையிலிருந்து பத்துக் கிலோமீற்றருக்கும் குறைந்த தூரமே. ஆனால் தோட்டத்து மண்பாதையில் நோயாளியைத் தூக்கிக்கொண்டு சந்திவரை இறங்குவோருக்கு அத்தூரம் வேறு அளவினது.

முதலில், குழாய்கள் பற்றிச் சிறிது அறிதல் நன்று. அறவியல் வினாவை ஆராயப் புகுவோர் பொருளின் தன்மையை அறியாது கருத்துரைப்பதே இத்துறையில் பெருங் குறையெனத் தோன்றுகின்றது. விழுங்க முடியாதவருக்குக் குழாய்வழி உணவூட்டுதல் இன்று நேற்றுத் தோன்றியதன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஜோன் ஹன்டர் என்ற ஸ்கொட்லாந்து வைத்தியர் விலாங்குமீனின் தோலாற் செய்த குழாயைக் கொண்டு நோயாளி ஒருவருக்கு உணவூட்டினார். மூக்குக் குழாய் சில வாரத் தேவைக்கு உரியது. நெடுங்காலம் தேவைப்படுவோருக்கு வயிற்றுச் சுவரினூடாக நேரே இரைப்பையினுள் குழாய் பொருத்துவர். வயிற்றைத் திறக்காது அகநோக்கியின் துணையுடன் இதனைப் பொருத்தும் முறையை 1979இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் கோடரர், பொன்ஸ்கி என்னும் இருவர் கைக்குழந்தை ஒன்றுக்கு முதன்முதலிற் செய்தனர். வளரவேண்டிய குழந்தைகளுக்கென உருவான முறை பின்னர் முதியோரிடத்தே பெருவழக்காயிற்று.

வயிற்றுக் குழாயை அகற்றுவது மூக்குக் குழாயை அகற்றுவது போன்று எளியதன்று. இரைப்பையினுள் அது நழுவாதிருக்க, உள்முனையில் நீர் நிரப்பிய சிறு பலூனோ கடினமான வட்டத் தகடோ இருக்கும். பலூன் உள்ளதாயின் அதன் வாயிலில் சிரிஞ்சை வைத்து நீர் முழுவதையும் உறிஞ்சி எடுத்த பின்னரே குழாயை மெல்ல வெளியே எடுத்தல் வேண்டும். தகடு உள்ளதாயின் அதன் அமைப்புக்கேற்ப, நோவு தணிக்கும் மருந்து கொடுத்துப் பயின்ற கை இழுத்தெடுக்கும். அல்லது அகநோக்கி மூலம் வாய்வழியே எடுப்பர். வெளிப்புறத்தே வெட்டிவிட்டு உட்பகுதி மலத்தோடு கழியட்டும் என விடுவாரும் உளர். அவ்வாறு விட்டது குடலில் அடைத்துக்கொண்ட சந்தர்ப்பங்கள் பதிவாகியுள்ளமையால் அது எல்லார்க்கும் ஏற்றதன்று. எல்லாவற்றினும் காலமே முக்கியமானது. பொருத்திய முதற் சில வாரங்களில் இரைப்பையும் வயிற்றுச் சுவரும் ஒன்றோடொன்று ஒட்டி ஒரு பாதை அமைந்திராது. அக்காலத்தே குழாய் பிடுங்கப்படின் இரைப்பையின் உள்ளடக்கம் வயிற்றறையினுள் ஒழுகி உயிருக்கே ஆபத்தாகும். அந்நிலையில் துளை தெரிகின்றது என்று வீட்டிலேயே குழாயைத் திரும்ப நுழைக்க முயல்வது அதனினும் ஆபத்து. பாதை முதிர்ந்த பின்னரோ நிலைமை நேர்மாறானது. குழாய் வெளியே வந்த சில மணி நேரத்துக்குள்ளேயே துளை சுருங்கத் தொடங்கிவிடும். குழாய் இன்னும் வேண்டுமெனின் விரைந்து மாற்றவேண்டும். வேண்டாமெனின் சுத்தமான துணிக்கட்டு ஒன்றே போதும். சில நாட்களில் அது தானே மூடிக்கொள்ளும். மனித உடல் தன்னில் இட்ட துளையை இத்துணை விரைவாக மூடிக்கொள்வது எனக்கு வியப்பையே தந்தது.

இவை யாவும் 'எவ்வாறு' என்ற வினாவுக்கான விடைகள். 'எப்போது' என்ற வினா இவற்றின் முன்னே நிற்பது. குழாயை அகற்றுவதற்கான முதலாவதும் மகிழ்ச்சியானதுமான காரணம், அது தேவையற்றுப் போவதாகும். பாரிசவாதத்தால் விழுங்கும் ஆற்றலை இழந்தோருட் பலர் சில வாரங்களில் அதனை மீளப் பெறுகின்றனர். நோயாளியை நிமிர்த்தி உட்காரவைத்து, கரண்டியளவு நீர் கொடுத்து, இருமல் வருகின்றதா, குரல் கரகரக்கின்றதா என அறிந்தோர் கவனித்து, பின்னர் தடித்த கஞ்சியைக் கொடுத்துப் பார்த்து, வாய்வழி உணவு போதுமானதென உறுதிப்பட்ட பின் குழாயை நீக்குதல் முறை. ஆயினும் இச்சோதனை செய்யப்படாமலேயே குழாய்கள் மாதக்கணக்கில் இருந்துவிடுவதுண்டு. காரணம் எவருடைய தீய எண்ணமுமன்று. குழாயில் ஊற்ற ஐந்து நிமிடம் போதும். கையால் ஊட்ட அரைமணி நேரம் வேண்டும். குழாய் நோயாளிக்கு உணவைக் கொடுக்கின்றது. ஊட்டுபவருக்கு நேரத்தைக் கொடுக்கின்றது. ஆள் குறைந்த விடுதியிலும், நாட்கூலிக்குப் போகும் வீட்டிலும் இரண்டாவது கொடையே உண்மையில் பெரிதாகிவிடுகின்றது. இது குற்றச்சாட்டன்று. ஆனால் குழாய் யாருக்காக இருக்கின்றது என்ற வினாவை நேர்மையாகக் கேட்கும்போது இவ்விடையையும் மறைத்தலாகாது.

2005இல் லான்செற் சஞ்சிகையில் வெளியான ஓர் ஆய்வு ஈண்டு நோக்கற்பாலது. பாரிசவாதம் கண்டோருக்குத் தொடக்க நாட்களிலேயே குழாய்வழி உணவூட்டின் இறப்பு குறையக்கூடும்; ஆயின் அவ்வாறு தப்பியோருட் பலர் கடும் இயலாமையுடனேயே வாழநேரும் என்பது அதன் முடிவு. எண்கள் இவ்வளவே கூறும். அத்தகைய வாழ்வு வாழத்தக்கதா என்பதை எண்கள் கூறமாட்டா.

இனி, மீளமாட்டார் என்று தெரிந்தவரிடமிருந்து குழாயை நீக்கும் கடினமான நிலையை எடுத்துக்கொள்வோம். குழாயை நீக்குதல் கொல்லுதலா, அன்றி இறக்கவிடுதலா என்று மேலைத்தேய அறவியலாளர் வினவுவர். கொல்லுதல் செயல், இறக்கவிடுதல் செயலின்மை. முன்னையது பாவம், பின்னையது சில வேளை ஏற்கத்தக்கது என்பது மரபுக் கருத்து. ஜேம்ஸ் ரேச்சல்ஸ் என்ற மெய்யியலாளர் 1975இல் இப்பாகுபாட்டைக் கடுமையாக மறுத்தார். சொத்துக்காகச் சிறுவன் ஒருவனைக் குளியல் தொட்டியில் அமிழ்த்திக் கொல்பவனையும், அதே நோக்குடன் வந்து, சிறுவன் தானே வழுக்கி விழுந்து மூழ்குவதைக் கைகட்டி நின்று பார்ப்பவனையும் அவர் ஒப்பிட்டுக் காட்டினார். இரண்டாமவன் எதுவும் செய்யவில்லை. ஆயினும் அவன் முதலாமவனிலும் நல்லவன் என எவரும் கூறார். எனவே கை அசைந்ததா அசையாதிருந்ததா என்பதில் அறம் தங்கியிருக்கவில்லை என்பது அவரது வாதம். இவ்வாதம் வலிமையானதே. ஆயின் அவர் எடுத்துக்கொண்ட இருவரும் பேராசைக்காரர்கள். எங்கள் லயத்து அக்கா பேராசைக்காரியல்லர். நோக்கம் கெட்டவிடத்துச் செயலும் செயலின்மையும் ஒன்றாகலாம். நோக்கம் அன்பாயிருக்கும்போதும் அவை ஒன்றே என்பதை அவ்வுதாரணம் நிறுவிவிடவில்லை.

உண்மை வாழ்க்கையில் மாந்தர் இப்பாகுபாட்டை மெய்யியலாளரினும் வேறாகவே உணர்கின்றனர். 1975இல் கரென் ஆன் குவின்லன் என்ற 21 வயது அமெரிக்கப் பெண் நினைவிழந்து வீழ்ந்தாள். சுவாசக் கருவியை நீக்குமாறு பெற்றோர் வழக்காடி 1976இல் நியூ ஜேர்சி உயர் நீதிமன்றத்தின் அனுமதியைப் பெற்றனர். கருவி நீக்கப்பட்ட பின்னும் அவள் தானே மூச்சுவிட்டாள். அதன்பின் அவளை வாழவைத்தது ஊட்டற்குழாய். அதனை நீக்குமாறு பெற்றோர் கேட்கவில்லை. அதனை அவர்கள் அவளது உணவாகவே கருதினர். அவள் 1985வரை வாழ்ந்தாள். மூச்சை நிறுத்த உடன்பட்ட பெற்றோர் உணவை நிறுத்த உடன்படாமை தருக்கத்துக்குப் பொருந்துமா? பொருந்தாது. எனினும் அதனை நான் நன்றாகவே விளங்கிக்கொள்கின்றேன். மூச்சை எவரும் எமக்கு ஊட்டி வளர்த்ததில்லை. உணவை ஊட்டியே வளர்த்தனர்.

நீதிமன்றங்கள் பின்னர் வேறு வழியிற் சென்றன. 1989 ஏப்ரலில் ஷெபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ உதைபந்தாட்ட அரங்கில் நெரிசலில் சிக்கி மூளை சிதைந்த டோனி பிளாண்ட் என்ற இளைஞனின் வழக்கில், குழாய்வழி உணவும் மருத்துவச் சிகிச்சையே என 1993இல் பிரித்தானியப் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. சிகிச்சை பயனற்றதாயின் அதனை நிறுத்தலாம் என்பது அதன்வழி பெறப்பட்டது. இதற்கு மாறாக, 2004இல் பாப்பரசர் இரண்டாம் ஜோன் போல், செயற்கை வழியிற் கொடுக்கப்படினும் உணவும் நீரும் சிகிச்சையல்ல, இயல்பான பராமரிப்பே என உரைத்தார். உணவா, மருந்தா? வழக்கு முழுவதும் இவ்வொரு சொல்லின் மீதே நிற்கின்றது. ஒரே கஞ்சி, குவளையில் இருந்தால் உணவு, குழாயில் இருந்தால் மருந்து என்று கூறுவது எனக்கு முற்றிலும் நிறைவளிக்கவில்லை. குழாயில் இருந்தாலும் உணவே என்று கூறுவதும் நிறைவளிக்கவில்லை. உணவை உணவாக்குவது கஞ்சியா, குவளையா, அல்லது அதனை வாங்கிக்கொள்ளும் வாயின் சம்மதமா?

எம் மரபில் இதற்கு ஒளி காட்டும் இடம் ஒன்றுண்டு. மணிமேகலைக் காப்பியத்தின் அமுதசுரபியைப் பசிப்பிணி தீர்த்த பாத்திரமாகவே யாவரும் அறிவர். அதனை மணிமேகலைக்கு முன் கையில் வைத்திருந்த ஆபுத்திரனின் முடிவை அவ்வளவாகப் பேசுவதில்லை. கப்பலில் சென்றவன் எதிர்பாராது ஆளில்லா மணிபல்லவத் தீவில் தனித்து விடப்படுகின்றான். கையில் எடுக்க எடுக்கக் குறையாத உணவுப் பாத்திரம் இருக்கின்றது. ஊட்டுவதற்கு ஒருவருமில்லை. தன் வயிற்றை மட்டும் நிரப்பிக்கொள்ள அவன் உடன்படவில்லை. பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாதிருந்து உயிர் துறக்கின்றான். உணவளித்தலை உயிரளித்தலாகப் போற்றிய அதே காப்பியம், உண்ணாமையையும் இழிவாகக் கூறவில்லை. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்ததைச் சங்கப் புலவரும் பழித்தாரல்லர். உணவின் பெருமையும் அதனை மறுக்கும் ஒருவனின் பெருமையும் எம்மவர் நெஞ்சில் ஒருங்கே இருந்தன போலும்.

எளிய மக்களின் வழக்காறும் இதனையே காட்டும். உயிர் பிரியாது இழுத்துக்கொண்டு கிடப்பவரின் வாயில் உறவினர் ஒருவர் பின் ஒருவராகக் கரண்டியால் பால் வார்ப்பர். அப்பால் உடலை வளர்ப்பதற்கன்று, விடைகொடுப்பதற்கு. ஒரு கட்டத்தின் பின் உணவின் பணி மாறிவிடுகின்றது என்பதை அவர்கள் எந்த நீதிமன்றமும் கூறாமலே அறிந்திருந்தனர். மண்ணாசையால் உயிர் நிற்கின்றது என்று கருதினால் சொந்த மண்ணைக் கரைத்து அந்நீரை வார்ப்பதும் உண்டு என எங்கள் பக்கத்துக் கிழவிமார் கூறுவர். தலைமுறைகளாகக் காணித் துண்டொன்றும் உரிமையாயிராத லயத்தில், எந்த மண்ணைக் கரைப்பது என்று அவர்களிடம் நான் கேட்டதில்லை.

ஆயினும் இவ்வழக்காற்றைப் போற்றிக்கொண்டு நின்றுவிடுதல் ஆபத்தானது. அதே பால் கொலைக்கருவியும் ஆகியுள்ளது. தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களில், சிறப்பாக விருதுநகர்ப் பகுதியில், படுக்கையில் விழுந்த முதியோரை எண்ணெய் முழுக்காட்டியும் பால் வார்த்தும் குடும்பத்தினரே இறக்கச் செய்யும் 'தலைக்கூத்தல்' என்னும் வழக்கம் 2010ஆம் ஆண்டளவில் செய்தித்தாள்களில் பரவலாக வெளிவந்தது. வறுமையும் பராமரிப்பின் சுமையும் அதன் காரணங்களாகக் கூறப்பட்டன. வெளியிலிருந்து பார்ப்போருக்கு விடைகொடுக்கும் பாலும் கொல்லும் பாலும் ஒன்றுபோலவே தோன்றும். அவற்றை வேறுபடுத்துவது, படுத்திருப்பவரின் விருப்பத்தை எவரேனும் கேட்டார்களா என்பதும், பராமரிப்பதற்கு உண்மையில் வழி இருந்ததா என்பதுமே. வழியில்லாமையால் எடுக்கப்படும் முடிவைக் கருணை என்று பெயரிட்டு அழைத்தல் மொழிக்குச் செய்யும் தீங்காகும்.

இந்தியாவில் இவ்வினாவை நாட்டின் மனச்சாட்சிக்கு முன் வைத்தது அருணா ஷான்பாக்கின் வழக்கு. பம்பாய் கே.ஈ.எம். வைத்தியசாலையில் தாதியாயிருந்த அவர் 1973 நவம்பரில் அங்கேயே ஊழியன் ஒருவனால் சங்கிலியால் கழுத்து நெரிக்கப்பட்டுத் தாக்கப்பட்டு மூளை சிதைந்தார். அதன்பின் 42 ஆண்டுகள் அதே வைத்தியசாலையிற் படுத்திருந்தார். தாதியர் தலைமுறை தலைமுறையாக அவருக்கு அரைத்த உணவை வாய்வழியே ஊட்டினர். 2010இல் அவர் நோயுற்று உண்பது குறைந்த பின்னரே மூக்குக் குழாய் பொருத்தப்பட்டது. உணவூட்டலை நிறுத்த அனுமதிக்குமாறு எழுத்தாளர் பிங்கி விரானி இந்திய உயர் நீதிமன்றத்திடம் வேண்டினார். 2011 மார்ச் 7ஆம் திகதி நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இருமுகமுடையது. தகுந்த பாதுகாப்புகளுடன் சிகிச்சையை நிறுத்தி இறக்கவிடுதல் கொள்கையளவில் ஏற்கத்தக்கதென்றது. ஆனால் அருணாவுக்காகப் பேசும் உரிமை அவரைப் பற்றி நூலெழுதியவருக்கன்று, அவரை நாள்தோறும் பராமரித்த வைத்தியசாலை ஊழியர்க்கே உரியதென்றது. அவர்களோ அவரை வாழவைக்கவே விரும்பினர். அருணா 2015 மே 18ஆம் திகதி நியுமோனியாவால் இறந்தார். 2018இல் அதே நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு, ஒருவர் நல்ல நிலையில் இருக்கும்போதே தம் விருப்பத்தை எழுதிவைக்கும் ஆவணத்தைச் செல்லுபடியாகுமென ஏற்றது.

ஊட்டிய கைக்கே பேசும் உரிமை என்ற 2011ஆம் ஆண்டுத் தீர்ப்பின் கருத்து முதலில் என்னை முற்றிலும் கவர்ந்தது. அன்பு என்பது கருத்தன்று. நாளொன்றுக்கு மூன்று வேளை செய்யப்படும் வேலை. அவ்வேலையைச் செய்யாதார் செய்வோரைப் பார்த்து 'நிறுத்துக' என்றோ 'தொடர்க' என்றோ கூறுவதில் ஒரு கூச்சம் இருத்தல் வேண்டும். ஆனால் மீண்டும் எண்ணுந்தோறும் ஐயம் எழுகின்றது. ஊட்டுவோரின் அன்பு ஊட்டப்படுவோரின் விருப்பம் ஆகிவிடுமா? அத்தாதியர் பெருமைக்குரியோர் என்பதில் ஐயமில்லை. அப்பெருமைக்காக அவர் 42 ஆண்டு படுத்திருக்கவேண்டியிருந்தது என ஒருவர் கூறின், அதனை எளிதில் மறுக்க இயலவில்லை. ஊட்டிய கைக்கு முதலிற் கேட்கப்படும் உரிமை உண்டு. ஊட்டப்படும் உயிரின் மீது உடைமை உரிமை இல்லை என்ற அளவிலேயே நான் நிற்கின்றேன்.

இதனை இன்னும் தெளிவாக்குவது மணிப்பூரின் இரோம் ஷர்மிளாவின் வரலாறு. ஆயுதப் படையினருக்கான சிறப்பு அதிகாரச் சட்டத்தை எதிர்த்து 2000 நவம்பரில் உண்ணாநோன்பு தொடங்கிய அவருக்கு அரசு மூக்குக் குழாய் வழியாக வலிந்து உணவூட்டியது. 2016 ஓகஸ்ட் 9இல் நோன்பைத் தாமே முடித்துக்கொள்ளும்வரை அக்குழாய் அவர் முகத்தில் இருந்தது. அங்கே உணவூட்டல் கருணையன்று, ஆட்சியின் வலிமை. உயிரைக் காத்தது உண்மை. ஆயினும் ஒரு பெண்ணின் 'வேண்டாம்' என்ற சொல் பதினாறு ஆண்டுகள் நாள்தோறும் மீறப்பட்டதும் உண்மை. பேசத் தெரிந்த, உலகமே அறிந்த ஒருவரின் மறுப்பே இவ்வாறு மீறப்பட முடியுமாயின், பேச்சிழந்து லயத்துக் கட்டிலில் கிடக்கும் ஒருவரின் இடக்கை செய்யும் மறுப்பை யார் கேட்பர்?

அப்போதுதான் எனக்கு அந்தச் சேலைக் கிழிசல் நினைவுக்கு வந்தது. பாவமா என்று அக்கா கேட்டது குழாயைப் பற்றி. நானும் குழாயைப் பற்றியே எண்ணிக்கொண்டிருந்தேன். பெரியவரின் கை மூன்று மாதங்களாகக் கூறிவந்ததைப் பற்றி எவரும் எண்ணவில்லை. அது மறுப்புத்தானா என்பதும் உறுதியன்று. மூக்கில் உறுத்தும் எதனையும் நினைவு மங்கிய நோயாளியும் பிடுங்க முயல்வார்; அது வாழ்வை மறுத்தலாகாது. எனவே கையைச் சான்றாகக் கொண்டு தீர்ப்பெழுதவும் இயலாது. கேட்டறிவதே செய்யக்கூடியது. அதனை எவரும் செய்திருக்கவில்லை.

நாங்கள் அவரை நிமிர்த்தி உட்காரவைத்துக் கேட்டோம். குழாய் வேண்டுமானால் என் கையை ஒருமுறை அழுத்துமாறு சொன்னேன். அவர் அழுத்தவில்லை. வேண்டாமென்றால் அழுத்துமாறு சொன்னேன். அப்போதும் அழுத்தவில்லை. 'பசிக்குதாப்பா?' என்று மகள் கேட்டதும் அழுத்தினார். எத்தனையோ நூல்களிற் காணாத வினா அது. தோட்டத்து டிஸ்பென்சரியில் விசாரித்து, விழுங்குந்திறனைச் சோதிப்போர் இருக்கும் நாளறிந்து வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றோம். தடித்த உணவைச் சிறிது சிறிதாக விழுங்க முடிகின்றது, தண்ணீர் மட்டும் இன்னும் ஆபத்து என்றனர். குழாய் திரும்பப் போடப்படவில்லை. எப்போது அவ்வாற்றல் திரும்பியது என்பதை எவரும் அறியார். குழாய் கழன்றிராவிட்டால் அதனை நாங்கள் அறிந்திருக்கவும் மாட்டோம்.

இவ்விடத்துக் கதையை மங்களமாக முடித்துவிடலாம். ஆனால் அரைமணி நேரத்துக்கு யார் பொறுப்பு என்ற வினா உடனே வந்தது. காலை வேளைக்கு மகள் ஒரு மணி நேரம் முன்னதாக எழுந்தார். மதியம் இயலவில்லை, கொழுந்தின் நிறை குறைந்தால் கூலியும் குறையும். அடுத்த காம்பராவில் இருந்த, வயதால் வேலையிலிருந்து நின்ற ஒரு பாட்டி அப்பொறுப்பை ஏற்றுக்கொண்டார். அவர் இல்லாதிருப்பின் குழாய் திரும்பப் போடப்பட்டிருக்கும். கையும் திரும்பக் கட்டப்பட்டிருக்கும். விருப்பம், சம்மதம், கண்ணியம் என்றெல்லாம் மெய்யியல் பேசுவது யாவும் அந்தப் பாட்டியின் மதிய நேரத்தின் மீதே நின்றது. பராமரிப்புக்கு ஆளும் நேரமும் ஊதியமும் ஏற்பாடு செய்யாத சமூகம், குழாயை அகற்றும் உரிமையைச் சட்டத்தில் எழுதிவைத்தாலும், அவ்வுரிமை தோட்டங்களில் கைவிடுதலின் மறுபெயராகிவிடக்கூடும். குழாயை வைத்திருக்க வழியுள்ளவனே அதனை அகற்றுவதைத் தெரிவு எனக் கூறமுடியும்.

நான்காம் மாதம் பெரியவருக்குக் காய்ச்சல் கண்டது. நெஞ்சில் சளி கட்டி ஒரு வாரத்தில் இறந்தார். அடுத்த விடுமுறையில் சென்றபோது அக்கா மறுபடியும் கேட்டார். குழாய் இருந்திருந்தால் சளி கட்டியிருக்காதல்லவா என்று. உமிழ்நீரும் இரைப்பையிலிருந்து மேலெழுவதும் குழாய் இருக்கும்போதும் மூச்சுக்குழாயினுள் செல்லக்கூடும் என்றும், முற்றிய மறதிநோயாளர் பற்றி 1999இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியான ஆய்வுரையொன்று, குழாய் அத்தகைய நியுமோனியாவைத் தடுப்பதற்குச் சான்றில்லை என்று காட்டியது என்றும் சொன்னேன். பெரியவரின் நோய் அதுவன்று என்பதையும் மறைக்காமற் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். ஏற்றுக்கொண்டாரா என்பது தெரியவில்லை. சற்று நேரங் கழித்து, கையைக் கட்டிப்போட்டிருந்த அந்த மூன்று மாதமும் அப்பாவுக்குத் தெரிந்திருக்குமா என்று கேட்டார். அதற்கு நான் படித்த எதிலும் விடை இருக்கவில்லை.